சொந்த முடியோடு மணவறையில்

மந்தின் பட்டணத்தில் லாரி டயருக்கு ஒட்டுப் போடக் காத்திருந்தபோது, பக்கத்துக் கடையின் திறந்த கதவு வழியாக அந்த வாசம் வந்தது. முடி கருகும் வாசம். உள்ளே ஒரு பெண்ணின் கூந்தலைச் சூட்டு இடுக்கியால் இழுத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்தேன், நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கும் ஆலைக்கும் ஓடுகிறவன் நான். சும்மா உட்காரத் தெரியாது. ஆனால் அன்று என்னை உட்காரவிடாதது என் தங்கையின் தலை.

அவளுக்கும் எனக்கும் வயதில் வெகுதூரம். அப்பா அம்மா போனபின் லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்ட வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவளுக்கு நீலாய்ப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. இடுப்பைத் தாண்டும் சுருட்டை முடி, மழை நின்றபின் தோட்டத்து வாய்க்கால் ஓடுவதுபோல் வளைந்து வளைந்து இறங்கும். நிச்சயதார்த்தத்துக்காக அதை ஒரு சலூனில் இதேபோல் சூடு வைத்து நீட்டிக்கொண்டு வந்தாள். படங்கள் அழகாகத்தான் வந்தன. கொஞ்ச நாளில் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. அடைப்பை எடுத்தால் கை நிறைய முடி. வேரோடு வந்தது கொஞ்சம், நடுவில் ஒடிந்தது மிச்சம்.

அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "அண்ணே, நகை கொறைச்சலா இருந்தாலும் பரவால்ல. மணவறையில என் சொந்த முடியோட உக்காரணும். சவுரி வச்சிக்கிட்டு பொம்மையாட்டம் உக்கார மாட்டேன்."

"முடிய பத்தி என்கிட்டயா சொல்ற?" என்று என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன்.

"அதான் பயமா இருக்கு," என்றாள்.

லயத்து வரிசை வீடுகளில் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஆளுக்கு ஒரு மருந்தோடு வந்தார்கள். "வெங்காயத்த அரைச்சு பூசு புள்ள." "வெளக்கெண்ணெய சூடு பண்ணி ஊத்துலா, காடா மொளைக்கும்." எதிர்வீட்டு அக்கா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல ஒங்க அண்ணன் தலையில ஊத்திப் பாரு. மொளைச்சா நாங்களும் ஊத்திக்கிறோம்." செம்பருத்தி இலையும் அரைத்தோம், கறிவேப்பிலையும் காய்ச்சினோம். வீடே ரசம் வைத்ததுபோல் மணத்தது. முடி மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

எங்கள் தோட்டத்தில் வெள்ளிக்கிழமை விடியுமுன் தலைக்குக் குளிப்பார்கள். விளக்கேற்றிவிட்டு, ஈரக் கூந்தலை முறுக்கி இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம். விரித்துப்போட்டால் "என்னா கோலம் இது?" என்று ஏச்சு விழும். தங்கைக்குத் துணிக்குப் பதில் தொழிற்சாலைக் குல்லாய், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாரும் செய்வதை யார் சந்தேகப்படுவார்?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் கொண்டையை அவிழ்த்தாள். வெயில் காணாத சாக்கின் வாடை. தொட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னும் ஈரம். சன்னலோரம் இழுத்துவந்து பார்த்தேன். நிறைய முடி ஒடிந்திருந்தது ரப்பர் பேண்ட் கடித்த இடத்தில்தான். நெற்றி ஓரத்தில், இழுபட்ட இடமெல்லாம் முடி போய் வெளுத்திருந்தது.

"லாரியில குலைக்கு மேல வலைய இழுத்துக் கட்டுற கயிறும் இப்படித்தான் நைஞ்சு போவும். ஈரத்தோட முடிச்சு போட்டா, முடிச்சுலதான் அறுந்துக்கும்," என்றேன்.

"என்னையும் லாரியா ஆக்கிட்டியா?"

"லாரியா இருந்தா ஒன்ன தெனம் பாத்திருப்பேன்லா."

அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச் சத்து குறைவு, வேரோடு கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மாத்திரை எழுதினார்கள். அங்கிருந்த மிஸ்ஸி, அதான் நர்ஸ், அவள் தலையை மெல்லப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருகின முடிக்கு எந்த எண்ணெயும் உசிர் குடுக்காது, தங்கச்சி. வெட்டிருங்க. ஈரத்தோட கட்டாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. புதுசு வரும், ஆனா மெதுவா வரும்."

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். நுனியில் கொஞ்சம் வெட்டினேன். "மேல, இன்னும் மேல," என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை வந்ததும் தலையை ஒருமுறை உதறினாள். கட்டவிழ்த்த கன்றுக்குட்டி உதறுமே, அப்படி.

பிறகு வந்த மாதங்களில் எங்கள் வீட்டு வைத்தியம் எளிமையானது. குளிக்குமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். குளித்தபின் துண்டால் தேய்க்காமல் என் பழைய பனியனால் ஒற்றியெடுப்பது. விரலால் சிக்கெடுத்து, அகலப்பல் சீப்பால் வாரி, காற்றில் காயவிடுவது. தலைக்குளியல் லீவு நாளுக்கு மாறியது. முட்டை, கீரை, நெத்திலி. மாத்திரை விழுங்கும் நேரத்தில் தேத்தண்ணி கிடையாது, குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஏறாதாம். தினமும் சாயங்காலம் லாரியை நிறுத்தியதும் அவள் நெற்றியோரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் அங்கே புதுப்புல் தெரிந்தது. ஆலை வாசலில் வழக்கமாக முறைக்கும் காவலாளிக்குக்கூட மறுநாள் நான் சிரித்துவிட்டுப் போனேன்.

கல்யாணம் நெருங்கியபோது மம்பாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். "ஜடை இல்லாம மணவறையா? நல்ல சவுரியா நானே வாங்கித் தரேன்," என்றார். நான் வாயைத் திறக்குமுன் தங்கை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

"அத்தை, இங்க தொட்டுப் பாருங்க. இது புதுசா வந்தது. சவுரி கனம் இதையெல்லாம் இழுத்துரும். ஒரு நாள் படத்துக்காக இத குடுக்க மாட்டேன்."

"ஊரு கேக்குமேம்மா?"

"என்னையே கேக்கச் சொல்லுங்க அத்தை. நானே பதில் சொல்லிக்கிறேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "முடிய வெட்டிட்டு வாய நல்லா நீளமா வளத்திருக்க," என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "பூவ சின்னச் சரமா கட்டச் சொல்றேன். பெருசு நிக்காது," என்றார்.

எத்தனையோ பாரம் ஏற்றியிருக்கிறேன். அன்று என் நெஞ்சில் ஏறியது பாரமில்லை, நிமிர்வு. கல்யாணத்தன்று அவள் தோள் தொடாத சுருட்டையோடு, அதில் சின்ன மல்லிகைச் சரத்தோடு மணவறைக்கு நடந்து வந்தாள். மண்டபம் முணுமுணுத்தது. "பொண்ணுக்கு முடி எங்கய்யா?" என்று ஒரு பெரியவர் என் காதோரம் கேட்டார். "தலையிலதான் இருக்கு, நல்லா பாருங்க," என்றேன். இவ்வளவு சத்தமாக நான் எங்கும் பேசியதில்லை.

மாலையில் கார் கிளம்பத் தயாரானது. குனிந்து சன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். "கண்ணாடிய ஏத்திக்கம்மா. காத்துல தல கலஞ்சிரும்."

"கலையட்டும்ண்ணே. எம்முடிதானே!"