சந்துக்குள் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா

பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப்போகும் கேரல் வண்டியிலிருந்து இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தேன். உடம்பில் சிவப்புக் கோட்டு, வயிற்றில் கயிற்றால் கட்டிய தலையணை, முகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடி. பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் அப்போதுதான் எரிந்தன. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாதவனுக்கு வரக்கூடாத சிரிப்பு அது.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். வழக்கமாகத் தாத்தா வேஷம் போடுகிறவருக்குக் காய்ச்சல் என்று, ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள் சாப்பாடு வாங்கிக் கொடுத்து என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். குதித்து ஆட அதுவே அதிகம். முதலில் போனதெல்லாம் மாடி வீடுகள். பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும், கேக் வெட்டுகிற போட்டோதான் முடியாது. "கேக்க மறைக்காம நில்லுப்பா" என்று சபைச் செயலாளர் என்னை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சந்து. அதன் கோடியில் காகித நட்சத்திரம் எரிந்தது. கீழே ஒரு பெண், ஒரு கையில் கட்டு, மறு கையில் மிட்டாய்த் தட்டு. வண்டி நிற்கவில்லை.

"அந்தக்காவும் நம்ம சபைதானுங்களே?" என்றார் டிரைவர்.

"சந்துக்குள்ள வண்டி திரும்பாதுப்பா. மில்லுக்காரர் ஊட்டுல காத்துட்டிருக்காங்க" என்றார் செயலாளர்.

வேகத்தடையில் வண்டி மெதுவானது. நான் இறங்கிவிட்டேன்.

சந்துக்கு வந்து சேர்ந்தபோது நட்சத்திரம் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா, நெற்றி நிறையத் திருநீறோடு, பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க தாத்தா, வண்டி உங்களையும் உட்டுப்போட்டுப் போயிருச்சுங்களா?"

"நாந்தானுங்க வண்டிய உட்டுப்போட்டு வந்தேன்."

அவர் கதவைத் தட்டினார். "அம்மணி, லைட்டப் போடு. தாத்தா மட்டும் வந்திருக்குது."

கதவைத் திறந்த அந்த அக்காவின் கண் சிவந்திருந்தது. முன்னறையில் கிரைண்டர் சாக்கு போர்த்திக் கிடந்தது. "இட்லி மாவு அரைச்சு வித்துத்தானுங்க பொழப்பு" என்றார். "கை ஒடிஞ்சதுல இருந்து கல்லுத் தூக்க முடியல. கடை பூட்டியே கெடக்குது. பாட்டாவது கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு எந்தப் பாட்டிலும் முதல் வரிதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். பக்கத்து வீட்டம்மா குடத்தைக் கவிழ்த்து அடித்தார். "மாரியம்மனுக்கு அடிக்கறதுதான். இதுக்கும் ஒத்து வருது பாருங்க." அந்த அடிக்கு நிற்க முடியுமா? குதித்தேன், சுழன்றேன், தலையணை முழங்காலுக்கு இறங்கியது. அக்கா கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "போதுமுங்க, சிரிச்சா வலிக்குது" என்றார். நான் நிறுத்தவில்லை.

மூச்சு வாங்கி உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினேன்.

"உங்களச் சபையில பாத்ததே இல்லீங்களே. அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"நட்சத்திரம் போட்டிருந்தீங்களே."

அக்கா மிட்டாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஜெபம் பண்ணாமப் போகக்கூடாதுங்க" என்றார்.

செயலாளர் மைக்கில் செய்கிற நீளமான ஜெபம் எனக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, இந்த அக்கா கை கூடோணும். அது வரைக்கும் கல்லுத் தூக்க ஒரு ஆள அனுப்போணும். ஆமென்."

கண்ணைத் திறந்தால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் போயி அவரு வேற ஆளத் தேடோணுமுங்களா?" என்றார் பக்கத்து வீட்டம்மா. "நீங்க சும்மாதானே நிக்கறீங்க."

எனக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தும் வந்தது. அன்று ராத்திரி முன்னறையில், அவர்கள் ஊறப்போட்ட அரிசிக்கும் உளுந்துக்கும் பக்கத்தில், வயிற்றிலிருந்த தலையணையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

விடிந்ததும் கோட்டை மடித்து ஒரு பைக்குள் வைத்தேன், சபைக்காரர்கள் கேட்டு வந்தால் கொடுக்க. சாக்கை எடுத்துக் கிரைண்டரைக் கழுவி, கல்லைத் தூக்கி வைத்து, உளுந்தைக் கொட்டினேன். கல் சுற்ற ஆரம்பித்ததும் அந்த முதல் வரி வாயில் வந்தது. இரண்டாம் வரியை அக்கா எடுத்துக் கொடுத்தார். "கூடவே தண்ணியும் தெளிங்க" என்றார். தெளித்தேன்.