விளையாட்டுக்கு நான் போட்ட ‘டி’

பிறத்தியாருடைய பிள்ளைக்கு மார்க் போடுவதைவிடப் பொல்லாத தொழில் ஒன்று இருக்கிறதென்றால், அது பிறத்தியார் செய்த வீடியோ விளையாட்டுக்கு மார்க் போடுவதுதான். பரீட்சையில் பெயிலான பிள்ளை அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். பெயிலான விளையாட்டு வக்கீலை வைத்து ரெலிபோன் எடுக்கும். எண்பதுகளின் நடுவில் நாலு வருடம் ரொறன்ரோவில் நான் இந்த வேலை பார்த்தேன். யாருடைய சமையலுக்காவது, யாருடைய மகளின் அரங்கேற்றத்துக்காவது முகத்தைப் பார்த்து மார்க் போட்டு மாட்டுப்பட்டவர் நீங்கள் என்றால், வாருங்கள், நீங்கள் என்னுடைய ஆள்.

வேலை கிடைத்த விதம்

ஊரில் நான் கணக்கு வாத்தியார். எண்பத்துமூன்று முடிகிற நேரம் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி மலர் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டாள். அவளை ஸ்பொன்சர் செய்து கூப்பிட எனக்கு ஒரேயொரு கடதாசிதான் குறைவாக இருந்தது: ‘இந்த ஆளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது’ என்று ஒரு முதலாளி கையெழுத்து வைத்த கடிதம்.

வீடியோக் கடைகளிலும் டோனட் கடைகளிலும் இலவசமாக அடுக்கி வைக்கிற ஒரு சின்னப் பத்திரிகை, அச்சுப்பிழை பார்க்க ஆள் தேடியது. ஆசிரியர், முதலாளி எல்லாம் கோர்டன் என்ற ஒரே மனிதர். என்ன அனுபவம் என்று கேட்டார். பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன் என்றேன். எழுதியவரின் பெயர்கூடத் தெரியாமல் மார்க் போடுவோம் என்று சொன்னதும் அவர் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பழைய விமர்சகர் ஒரு விளையாட்டுக் கொம்பனியின் விருந்துக்குப் போனவர், அந்தக் கொம்பனியிலேயே வேலைக்கு இருந்துவிட்டாராம். அச்சுப்பிழையை விட்டுவிட்டு என்னை விமர்சகர் ஆக்கினார். ஆறு மாதம் போகட்டும், நிரந்தரக் கடிதம் தருகிறேன் என்றார்.

என்னோடு அறை பகிர்ந்திருந்த பரமண்ணை பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க ரீவிக்கு முன்னால் இருந்து விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். தூக்கித் தூக்கி நொந்த இடுப்பைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, உந்த வேலையை மட்டும் ஊருக்கு எழுதிப்போடாதை. மலரின்ரை தகப்பன் பெட்டையை அனுப்பமாட்டார்.”

நாற்பது எடுத்தால் பாஸ்

முதல் மாதம் ஆறு விளையாட்டுக்கு மார்க் போட்டேன். ஒன்றுக்கு ஐம்பத்தெட்டு, ஒன்றுக்கு நாற்பத்தேழு, ஆகத் திறமான ஒன்றுக்கு அறுபத்துமூன்று. கணக்குப் பாடத்தில் என்னிடம் அறுபத்துமூன்று எடுத்த பிள்ளையின் வீட்டில் அன்றைக்குப் பாயசம் காய்ச்சுவார்கள். இங்கே அந்த அறுபத்துமூன்றுக்காரன் விளம்பரத்தை நிற்பாட்டப் போவதாகக் கத்தினான். எங்கள் ஒஃபிஸில் ரெலிபோன், விளம்பரம், அச்சுக் கோர்ப்பு மூன்றையும் பார்த்தவள் லின்டா. அவள் ரெலிபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது எடுத்தால் பாஸ் என்று நான் கோர்டனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நிரந்தரக் கடிதத்துக்கு இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார். போகும்போது என் தோளில் தட்டினார்.

“எண்பதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், மிஸ்டர் சீவம். அதற்குக் கீழே இலக்கங்கள் இருப்பதை மறந்துவிடுங்கள்.”

என் பெயர் சிவம். அதையும் அவர் மறந்திருந்தார்.

கதவு திறக்காத விளையாட்டு

அந்தக் காலத்தில் படமே இல்லாத விளையாட்டுகளும் இருந்தன. ‘நீ ஒரு பூட்டிய கதவின் முன் நிற்கிறாய்’ என்று திரையில் எழுத்து வரும். என்ன செய்யப் போகிறோம் என்று நாம் ரைப் பண்ண வேண்டும். கல்வி அதிகாரிக்கு எழுதிப் பழகிய இங்கிலிஷில், ‘ஐயா, இக்கதவைத் திறந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அடித்தேன். விளங்கவில்லை என்றது கொம்பியூட்டர். ஐயாவை எடுத்துவிட்டு அடித்தேன், விளங்கவில்லை. காரணம் காட்டி அடித்தேன், அதற்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கதவடியில் நின்றேன். மூன்றாம் நாள் லின்டா கோப்பியோடு வந்து, எனக்கு மேலால் எட்டி, ‘கதவைத் திற’ என்று மட்டும் அடித்தாள். கதவு திறந்தது.

“இது குடிவரவு அலுவலகம் இல்லை, சீவம். இங்கே கெஞ்சத் தேவையில்லை.”

ஹொக்கியில் ஒரு பிழை

விளையாட்டுத்துறை விளையாட்டுகளும் என் தலையில்தான் விழுந்தன. ஐஸ் ஹொக்கியை நான் கண்ணாலும் கண்டதில்லை. அதனால் கவனமாகப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இரண்டு ஆட்டக்காரர்கள் தடியை எறிந்துவிட்டு, சட்டையைப் பிடித்து அடிபட்டார்கள். நடுவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டரில் ஏதோ பிசகு என்று முடிவுகட்டி, ‘ஆட்டம் இடையிடையே பழுதாகி ஆட்டக்காரர்கள் கைகலப்பில் இறங்குகின்றனர், இந்தப் பிழையைத் திருத்திய பின்பே வாங்கவும்’ என்று எழுதி இருபது மார்க் வெட்டினேன். கோர்டன் அதை வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். வந்த கடிதங்களை லின்டா கூடையில் சுமந்துகொண்டு வந்தாள். ஒஷாவாவிலிருந்து ஒருவர் போஸ்ற்காட்டில் ஒரே வரி எழுதியிருந்தார்.

“சண்டையை எடுத்துவிட்டால் ஹொக்கியில் மிஞ்சுகிற ஐஸ் நடனத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஃபிகர் ஸ்கேட்டிங்.”

ஏழாவது மாடி

எங்கள் பின்னட்டை விளம்பரம் முழுக்க ஒரு பெரிய கொம்பனியுடையது. அதன் விளம்பர மனேஜர் பளபளத்த சூட்டில் மாதம் ஒருமுறை வருவார். பேனை தருவார், தொப்பி தருவார், என் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக விமர்சனத்தையே ரைப் பண்ணிக் கொண்டுவந்து தருவார். அதே விமர்சனத்தை அதே முற்றுப்புள்ளிகளோடு வேறு மூன்று பத்திரிகைகளில் வாசித்திருக்கிறேன். நான் மட்டும் வாத்தியார் புத்தியில் முழுவதையும் விளையாடிப் பார்ப்பேன். அவர்களுடைய கோட்டை விளையாட்டில் ஏழாவது மாடியில் ஏணியும் இல்லை, கதவும் இல்லை, அரசகுமாரி எட்டாவது மாடியில் இருந்தபடியே கிழவியாக வேண்டியதுதான். இதை அவரிடம் சொன்னேன். மனிதருக்குக் கோபம் வரவில்லை. அதிசயத்தைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார்.

“ஏழாவது மாடிக்குப் போனீர்களா? எங்கள் ஆட்களே அவ்வளவு தூரம் போனதில்லையே!”

நான் போட்ட முதல் டி

இலக்கத்தால் வருகிற சண்டை போதும், இனி எழுத்து போடுவோம் என்றார் கோர்டன். எந்த எழுத்து என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதிலெல்லாம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பரீட்சையில் விசேட சித்திக்கு டி, அதாவது டிஸ்ரிங்ஷன். திறமைச் சித்திக்கு சி. தட்டுத்தடுமாறிப் பாஸானதற்கு எஸ். ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ஒரு டிக்காகக் கோயிலைச் சுற்றிக் கும்பிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்த மாதம் ஸ்ரௌவ்வில் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு விளையாட்டு வந்தது. ஐலீன் என்ற பெண் வீட்டு நிலவறையில் தனியாக இருந்து இரண்டு வருடமாகச் செய்தது. ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி ஒழுங்குபடுத்தும் புதிர். அதை விளையாடியதில் மூன்று நாள் மதியச் சாப்பாட்டை மறந்தேன். ‘இதைவிட அழகான கணக்கு நான் செய்ததில்லை’ என்று எழுதி, பெட்டிக்குள் பெரிதாக ஒரு டி போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு மனதாரப் போட்ட மார்க் வேறில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரு குப்பை விண்வெளிச் சண்டைக்கு எஸ் போட்டேன். சனம் எஸ் என்றால் சுப்பர் என்று எடுத்துக்கொண்டு அதை அள்ளிக்கொண்டு போனது. டி என்றால் இந்த நாட்டில் பெயிலுக்கு ஒருபடி மேல் என்பதும், ஏ என்பதுதான் திறம் என்பதும் லின்டா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் கடைக்காரர்கள் ஐலீனுடைய டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த இதழில் கோர்டன் ஒரு கட்டம் கட்டி விளக்கம் போட்டார்: ‘எங்கள் விமர்சகரின் நாட்டில் டி என்பதே அதியுயர் மதிப்பெண்.’ ரொறன்ரோவே சிரித்தது. கடைகள் திரும்ப வாங்கவில்லை. ஐலீன் பிறகு விளையாட்டே செய்யவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கட்டம் வருவதற்கு முன்பு ஐலீன் ஒருநாள் ஒஃபிஸுக்கு வந்து, பத்திரிகையை என் மேசையில் விரித்து வைத்தார்.

“நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன், மார்க்கைப் பார்த்து இன்னொருமுறை அழுதேன். எந்த அழுகை சரி என்று மட்டும் சொல்லுங்கள்.”

ஹெலிகொப்ரர்

அதன்பிறகு நானும் நல்ல பிள்ளையாக ஏ, பி என்று கனடாக் கணக்கில் போட்டுவந்தேன். எண்பத்தாறில் பின்னட்டைக் கொம்பனி ஒரு ஹெலிகொப்ரர் விளையாட்டு விட்டது. கீழே பனைமாதிரி மரங்கள், ஓலைக் கூரைகள், நாலு பக்கமும் ஓடுகிற சின்னப் புள்ளிகள். புள்ளியைச் சுட்டால் இருபத்தைந்து மார்க். அந்தக் கிழமைதான் மலரின் கடிதம் வந்திருந்தது. ஹெலிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டு முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் போகிறோம் என்று எழுதியிருந்தாள். இருபது நிமிடம் விளையாடிவிட்டு நிற்பாட்டினேன். கோபம் என்று சொல்வதைவிட அருவருப்பு என்று சொல்லலாம்.

கோர்டன் கெட்ட மனிதர் இல்லை, பின்னட்டை போனால் பத்திரிகை போய்விடும் என்ற பயம் அவருக்கு. இரண்டு வருடமாக ‘இன்னும் ஆறு மாதம்’ ஆகிக்கொண்டிருந்த என் கடிதம் கடைசியில் ரைப் பண்ணியபடி அவர் மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. அவர்கள் சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு மார்க் வரட்டும், கையெழுத்தும் வந்துவிடும் என்றார். நல்ல மார்க் போட எனக்கு மனம் வரவில்லை. போடாவிட்டால் மலர் அந்த மரங்களுக்குக் கீழேதான். புகழ்ந்து ஒரு வரியும் எழுதாமல், திரையில் கண்டதைக் கண்டபடி எழுதி, பெட்டிக்குள் ஒரு டி போட்டுக் கொடுத்தேன்.

கோர்டன் பார்த்தார். இது எந்த நாட்டு டி என்று கேட்டார். எங்கள் நாட்டு டி என்றேன். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அப்படியே அச்சுக்குப் போனது. ரெலிபோனில் கொதித்த மனேஜருக்கு லின்டா பழைய கட்டத்தை எடுத்து, நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். அவர் உடனே குரலைத் தணித்தார்.

“அப்படியா? அப்படியென்றால் அடுத்த விளம்பரத்தில் அந்த டியைப் பெரிதாகப் போடலாமா?”

மலர் வந்தாள்

போட்டார்கள். ஹெலிகொப்ரருக்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு டி, கீழே விமர்சகர் என்று என் பெயர். பார்த்த கனேடியர் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கொம்பனிக்கு மட்டும் பகிடி விளங்கவில்லை. கோர்டன் கையெழுத்து வைத்தார். எண்பத்தேழில் மலர் வந்திறங்கினாள். பரமண்ணை எங்களுக்கு அறையை விட்டுத் தந்துவிட்டு வேறிடம் போனார். போகும்போது என் வேலையின் பெருமையைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அந்த விளம்பரம் வந்த பத்திரிகையை மேசையில் விரித்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

மலர் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஹெலிகொப்ரரைப் பார்த்தாள். மரங்களைப் பார்த்தாள். கீழே என் பெயரை வாசித்தாள். பிறகு அந்த டியைப் பார்த்தாள். ஊரில் ஓ.எல். பரீட்சையில் நாலு டி எடுத்தவள் அவள். இஞ்சை டி எண்டால் பெயில் மாதிரி, நான் அவங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினனான் என்று கோர்டனிலிருந்து லின்டா வரைக்கும் முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பத்திரிகையை மடித்து என் கையில் தந்தாள்.

“இஞ்சத்தை ஆக்களுக்கு அது பெயிலாய் இருக்கட்டும். பங்கருக்குள்ளை இருந்து வந்த எனக்கு, நீங்கள் உதுக்கு டிஸ்ரிங்ஷன் போட்டிருக்கிறியள்.”

நாலு வருடமாக ஊரார் விளையாட்டுக்கெல்லாம் மார்க் போட்டுத் திரிந்த நான், எனக்கு மார்க் போடக்கூடிய ஒரே ஆளை நானே ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டிருந்தேன்.