மாமாவின் நாலு ஆசனம்

என் தாய்மாமனுக்கு நாலு ஆசனம் தெரியும். மண்ணுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. உடம்பை அப்படி வைத்தால் அந்தந்தப் பூதம் நமக்குள் வந்து இறங்கும் என்பார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பிறகு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதுவரை பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அத்தை தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்ட வருஷம் அது. காரியம் முடிந்த கையோடு மாமா யாரிடமும் சொல்லாமல் பழனிக்கு நடந்தார். மூன்று மாதம் கழித்துத் தாடியோடும் இந்த ஆசனங்களோடும் திரும்பினார். அம்மா அவரை ராசிபுரம் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கே அழைத்து வந்துவிட்டாள். சோற்றைப் பிசைவார், தின்னாமல் எழுந்துவிடுவார். அவர் வெளியே கிளம்பினால் அம்மா என்னைப் பின்னாலேயே தள்ளிவிடுவாள்.

"மாமனப் பாத்துக்க சாமி. கண்ண எடுக்காத."

இதைவிட நல்ல வேலை எனக்கு வேறு கிடைக்குமா? பார்த்தேன்.

உழுத காட்டில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்துக் கிடப்பார். எறும்பு முகத்தில் ஏறினாலும் அசைய மாட்டார். அது மண். காலை வெயிலுக்கு எதிரே குந்தி இரண்டு கையையும் ஏந்துவார். அது நெருப்பு. பாறை மேல் ஒற்றைக் காலில் கையை விரித்து நிற்பார். ஆடிக் காற்று வேட்டியைப் பிய்த்து இழுக்கும், அவர் நட்ட கல்லாக நிற்பார். பூதம் ஐந்து என்று வாத்தியார் சொன்னாரே என்று கேட்டேன்.

"ஆகாசத்துக்கு ஆசனம் கெடையாது சாமி. அங்க உங்க அத்தை இருக்கறா."

தண்ணீர் ஆசனத்தைக் கடைசியாகத்தான் காட்டினார். உச்சி வெயில். கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மாமா கிணற்றில் இறங்கி, சம்மணம் போட்டபடியே மல்லாந்தார். முழுகவில்லை. கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக் கண்ணை மூடினார். மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. தண்ணீரில் வானம் கிடந்தது. வானத்தின் நடுவில் மாமா கிடந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கூழ் கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தாள். சட்டி விழுந்து உடைந்தது.

"அட தம்பி! என்னயும் உட்டுட்டுப் போயிட்டயா!"

பக்கத்துக் காட்டு ஆட்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். மாமா ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்கக்கா, ஆருங்க போயிட்டாங்க?"

"எங்க உசுருதானுங்க, போயிட்டு இப்பத்தான் வருது" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. படியேறி வந்தவரின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்புறம் அந்த ஈரத் தலையை வயிற்றோடு கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் மாமா வட்டிலில் மிச்சம் வைக்காமல் தின்றார்.

அழுது முடித்து அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கன்னுதான சொன்னேன்?"

"பாத்துட்டேதாம்மா இருந்தேன். கண்ணையே எடுக்கல."

பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மாமா நிஜமாகவே போயிருந்தாலும், வாயைப் பிளந்தபடி கிணற்று மேட்டில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பேன்.