விசை மேலே, நிறை கீழே

முருகனடியார்களே, மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, முந்திய வருடம் நான் பள்ளி இறுதித் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறைக்குக் காத்திருந்தேன். இதிலும் தோற்றால் அண்ணனோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான். என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர் அவர். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

என்னைக் கவிழ்த்தது ஒரே கணக்கு. ஒரு பொருளின் முடுக்கத்தைக் காண விசையையும் நிறையையும் வகுக்க வேண்டும். எதை எதால் என்பது எனக்கு மனதில் நிற்காது. அறுபத்து மூன்று கணக்குப் போட்டேன். இருபத்தொன்பதில் தலைகீழாக வகுத்திருந்தேன்.

காஜா பெராங் முருகன் கோவிலில் பதினெட்டு நாள் விளக்கேற்றினேன். "அப்பனே, மார்க்கு கேட்கவில்லை. எது மேலே, எது கீழே என்று மட்டும் காட்டு" என்று அழுதேன்.

தேர்வன்று காலை, தேர்வு நடக்கும் பண்டார் ஹிலிருக்குப் போன வாடகைக் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. இருபத்தாறு நிமிடம்தான் இருந்தது. முருகன் கைவிட்டான் என்றே நினைத்தேன்.

"தள்ளு தம்பி! பசியாறாமயா வந்தே?" என்றார் ஓட்டுநர் காசிம் பாய்.

முழு பலத்தோடு தள்ளினேன். கார் ஊர்ந்தது, அவ்வளவுதான். அதே காரில் சந்தைக்குப் போகும் அன்னம்மா அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் இறங்குனா நல்லா இருக்கும்."

"ஏன், நான்தான் உனக்குப் பாரமா? பின்னால இருக்கிற மூணு சாக்குத் தேங்கா என்ன, பஞ்சா?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். சாக்குகளையும் இறக்கினோம். அதே நான், அதே பலம். இந்த முறை கார் விறுவிறுவென்று வேகமெடுத்தது. நான் குப்புற விழப் பார்த்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தள்ளிய பலம் மாறவில்லை. பாரம் குறைந்ததும் முடுக்கம் கூடியது. அப்படியானால் நிறை கீழேதான் இருக்க வேண்டும்!

சாக்குகளை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான்காவது கேள்வியில் அதே கணக்கு வந்தது: நிறை 2,400 பவுண்டு, விசை, அந்தக் கால அலகில், 4,800 பவுண்டல். விசையை நிறையால் வகுத்தேன். முடுக்கம்: ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு இரண்டடி கூடும்.

மெர்டேக்கா வருடம் பங்குனியில் முடிவு வந்தது. தேறியிருந்தேன். "டேய், நெசமாவா?" என்று அண்ணன் மூன்று முறை கேட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அரசாங்க வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன்.

இன்று அண்ணன் இல்லை, காசிம் பாய் இல்லை, அக்காவும் இல்லை. நான் இன்னும் எல்லாவற்றுக்கும் பதறுகிறவன்தான். ஆனால் தாமதமானால் சாமியைக் குறை சொல்வதை அன்றோடு விட்டேன். வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள், அன்பர்களே. வழியில் கார் நின்றால் இறங்கித் தள்ளுங்கள். முருகன் அங்கேதான் நிற்கிறானோ என்னவோ.