என் இடது தோளுக்குப் பக்கத்தில்

கண்டிப்பேட் ஏரியின் கைப்பிடிச் சுவரில் அத்தான் சாய்ந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காற்று சட்டைக் காலரைத் தூக்கிக் கன்னத்தில் அடிக்கிறது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு கேமராவுக்கு இல்லை. என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தொப்பைய உள்ள இழுங்க. ஒங்க அம்மா டி.வி.ல பாத்துட்டு சோத்தக் கொறச்சிருவாங்க" என்று சொன்ன அக்காவுக்கு.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. தெலுங்கும் உருதும் பேசுகிற கொண்டாப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எனக்கு மூத்தவள், நாகர்கோவில்காரி. நான் திருநெல்வேலி. பேச்சுக்கு ஒரு தமிழ் வாய் கிடைத்த சந்தோஷத்தில் முதல் வாரமே அவளை அக்கா ஆக்கிக்கொண்டேன். அவள் விரும்பியவர் அதே கம்பெனியில் வேறு மாடி. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் கும்பகோணம். அக்காவுக்கு அவர் என்றால் எனக்கு அத்தான்தானே? அவரும் என்னை மச்சான் என்பார். அதெல்லாம் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது. ஆபீஸில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், ஏனென்றால் விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அக்கா வீடு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. அத்தானின் அம்மா வெள்ளி தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும், பிறகு இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள்.

கேமரா நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்கும் ஏரிக்கும் வரும் ஜோடிகளைப் படம் எடுப்பேன். தோளில் கை போடுங்கள் என்றால் கல்யாணம் ஆனவர்கள் வெட்கப்படுவார்கள். ஆகாதவர்கள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் போடுவார்கள். இவர்கள் இருவர் மட்டும் சேர்ந்து நிற்கவே மாட்டார்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், முதலில் ஒருவர், பிறகு மற்றவர். ஒருவர் நிற்கும்போது மற்றவர் என் பக்கத்தில் நின்று வம்பு பேசிச் சிரிக்கவைப்பார். அத்தானின் போனுக்கு வரும் படமெல்லாம் தானாக வீட்டு டி.வி.யில் ஓடும். அக்கா ஊருக்குப் போனால் தங்கை அவள் போனைப் பிடுங்கிப் படம் படமாகப் பார்ப்பாள். என் கேமராவிலாவது ஒன்றே ஒன்று இருக்கட்டுமே என்று நான் கேட்காத ஞாயிறு இல்லை. "நக்கோ மச்சான், வேண்டாம். உன் கேமரா ஆபீஸ் பூரா சுத்துது" என்பார் அத்தான். அக்காவுக்கு ஒரே பதில்தான்: "கல்யாணம் முடியட்டும்டே. அப்பம் ஒனக்குக் கை கடுக்கக் கடுக்க நிப்போம்."

அந்த மழைக்காலத்தில் அத்தானுக்கு டெங்கு வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துபோனது. உள்ளே போய்ப் பார்க்க உறவுக்காரர்களுக்குத்தான் அனுமதி என்பதால், அக்கா ஆபீஸ்காரர்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பினாள். ஆபீஸில் எல்லாரும் அழுதார்கள். எல்லாரும் அழுத அளவுக்குத்தான் அவளும் அழுதாள். அதற்கு மேல் அழ அவளுக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டுவிடுவார்கள் அல்லவா?

மாட்டுவதற்கு நல்ல படம் வேண்டும் என்று அத்தானின் அம்மா எனக்குப் போன் செய்தார். கண்டிப்பேட் படத்தைக் கொடு என்று அக்கா சொன்னாள். பெரிதாகச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் சார்பில் என்று சொல்லிக்கொண்டு அவளும் கூட வந்தாள். அம்மா கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கேமராவப் பாக்கலையே இவன். யாரப் பாத்து சிரிக்கறான்?"

"அத்தான் எப்பவுமே இப்படித்தாம்மா…" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஒருவன் அத்தான் என்றால் இவன் அக்கா யார் என்று நினைக்காத தமிழ் வீடு உண்டா? அம்மா நேராக அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து வந்து அந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"டி.வி.ல ஒவ்வொரு படமாப் பாப்பேம்மா. எதுத்தாப்புல யாரோ நிக்கறாங்கன்னு தெரியும். அவனா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் சேந்து நின்ன படம் ஒண்ணு குடு தம்பி."

இல்லை என்றேன்.

"ஒண்ணு கூடவா?"

"ஒங்களுக்குப் பயந்துதான் அத்தை" என்றாள் அக்கா. அத்தை என்று அவள் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கா, எனக்கா பயந்தீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை அழாததை எல்லாம் அழுதாள்.

வீட்டுக்கு வந்து அத்தான், அக்கா இருவரின் கண்டிப்பேட் படங்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தேன். ஒரே சுவர், ஒரே தண்ணீர், ஒட்டுப்போட்டது தெரியவே இல்லை. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் யாருமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அழித்துவிட்டேன். அம்மா அதைவிட நல்ல வழி கண்டுபிடித்தார். அக்காவின் கண்டிப்பேட் படத்தை வாங்கி எதிர்ச் சுவரில் மாட்டினார். உயிரோடு இருக்கிற பெண்ணை இப்படி மாட்டலாமா என்று அத்தானின் அப்பா சத்தம் போட்டாராம். மாலையா போட்டிருக்கேன்? எதிர்ல இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

இப்போதும் ஞாயிறுகளில் ஜோடிகளைப் படம் எடுக்கிறேன். முதல் படம் சேர்ந்து நிற்கிற படம்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. அக்காவுக்குப் போன மாதம் ஊரில் நிச்சயம் ஆனது. அதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே ராமச்சந்திராபுரத்துக்குப் போனேன். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அக்காவே போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

"வாழப்போற பொண்ணு. இங்க தொங்கினா அவளுக்கு நல்லதா?" என்றார் அம்மா. காப்பியை ஆற்றி என்னிடம் நீட்டிவிட்டு, "வர்றவங்கதான் கேக்கறாங்க, யாரப் பாத்து இப்படி சிரிக்கறான்னு."

என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"என்னைப் பாத்துத்தான்னு சொல்லிடறேன்."