அவனியாபுரத்தில் கர்த்தர் என் மகளைத் திரும்பத் தந்தார்

என் மகள் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அவள்மேல் குற்றம் இல்லை. தவறு செய்தது நான்.

கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு இன்றுவரை வராது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதனால் எழுதித் தருகிறேன். எழுதுவதற்கு முன் மகளிடம் கேட்டேன். "எழுதும்மா. என் பேர மட்டும் மாத்திரு" என்றாள். ஆகவே அவளைப் பியூலா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் கணவர் சபை ஊழியம் செய்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. ஆலயத்துக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் எங்கள் வீடு. பகலில் கதவைத் தாழ்ப்பாள் போட்டதில்லை. சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அழுதுகொண்டே வருவார், பிள்ளைக்குத் தலை சீவும்போது ஒருவர் ஜெபிக்கக் கேட்டு வருவார். நான் அதிகம் பேச மாட்டேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆறுதல் சொல்வதை என் கணவர் பார்த்துக்கொள்வார்.

போதகர் வீட்டுப் பிள்ளைகள் சபையார் கண்முன்னால் வளர்கிறவர்கள். பியூலாவுக்கு முதல் பல் விழுந்தது முதல் கணக்கில் மார்க் குறைந்தது வரை எல்லாருக்கும் தெரியும். அவள் எதையும் முகத்தில் காட்ட மாட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்தே ஆராதனையில் கீபோர்டு வாசித்தாள். பிறகு நர்சிங் படிக்க மதுரைக்குப் போனாள். அங்கே ஹாஸ்டலில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வந்துவிடுவாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அப்போது அவள் மூன்றாம் வருடம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஆய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"அம்மா, வார்டுல ஒரு அக்கா. ரெண்டு சின்னப் பிள்ளைக அவங்களுக்கு. நாலு நாளா நான் அம்புட்டு ஜெபம் பண்ணேன். செத்துப் போயிட்டாங்க. அதுலருந்து எனக்கு ஜெபமே வரல. கண்ண மூடினா சும்மா இருட்டாத்தான் இருக்கு."

கையிலிருந்த கீரையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பாட்ட சொல்லிறாத. யார்ட்டயும் சொல்லாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

எங்கள் ஆலய வாசலில் ஒரு பெட்டி உண்டு. விசுவாசிகள் தங்கள் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் என் கணவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசிப்பார், சபை முழுவதும் அதற்காக ஜெபிக்கும். அத்தனை வருடங்களில் நான் ஒரு சீட்டும் போட்டதில்லை. மறுநாள் காலையில் போட்டேன். "கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஜெபிக்க வரவில்லை. கண்ணை மூடினால் இருட்டாக இருக்கிறது என்கிறாள். கர்த்தர் அவளை மாற்ற வேண்டும்." இவ்வளவுதான் எழுதினேன். மனிதரிடமா சொல்கிறேன், கர்த்தரிடம்தானே சொல்கிறேன் என்று என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் கணவருக்கு என் கையெழுத்து தெரியாதா? வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நின்றதோடு விடாமல், தன்னை அறியாமல் கீபோர்டு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் சபையும் பார்த்தது.

பியூலா கீபோர்டை அணைத்தாள். அதன்மேல் துணியை இழுத்து மூடினாள். பக்கவாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து நான் ஓடிப்போனபோது அவள் பையில் துணிகளை வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"ஒங்கிட்ட மட்டுந்தானம்மா சொன்னேன்" என்றாள். "நீ மைக்குல சொல்லிட்ட."

"ஜெபத்துக்குத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"நான் போறேன். எனக்குப் போன் பண்ணாத."

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் வீட்டில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "ஹாஸ்டல் சகவாசம் சரியில்ல போல, பாஸ்டரம்மா" என்றார் ஒருவர். "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி இங்கதான வாரோம். இங்கயே இப்படின்னா?" என்றார் இன்னொருவர். நான் வழக்கம்போல் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த ஞாயிறு என் கணவர் பிரசங்கத்துக்கு முன்பு, "போன வாரம் நான் என் பிள்ளையத் திரும்பிப் பாத்திருக்கக் கூடாது. நீங்களும் அவளப் பத்தி எங்ககிட்டக் கேக்காதீங்க" என்று சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. என்னை அவர் கடிந்துகொள்ளவும் இல்லை. கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவருடைய போனை மட்டும் அவள் எடுப்பாள். "நல்லாருக்கேன்பா. சாப்பிட்டேன்பா. வைக்கட்டுமா?" அவ்வளவுதான். பக்கத்தில் நின்று அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டுக்கொள்வேன். கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை, டியூட்டி என்றாள். அந்த வருடம் கீபோர்டு இல்லாமல், கை தட்டியே பாடினோம். அவளுக்கு எடுத்த சுடிதாரைப் பீரோவில் வைத்தேன்.

தினமும் ஜெபித்தேன். "ஆண்டவரே, என் மகளை மாற்றும்" என்பதே என் ஜெபம். தை மாதத்தில் ஒருநாள் ஆலயத்தின் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தேன். அவளை மாற்றும், அவளை மாற்றும் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றுவிட்டேன். வாக்குக் கொடுத்து மீறியவள் நான். அவளை ஏன் மாற்றச் சொல்கிறேன்? அந்தப் பாயின்மேலேயே உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, ஒரு தடவை அவள் முகத்தைக் காட்டும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று ஜெபித்தேன். அன்றிலிருந்து அந்த ஒரு ஜெபம்தான்.

மாசி பிறந்ததும் என் கணவர் சொன்னார், "போன்ல நடக்காது. நேர்ல போயிப் பாரு. நான் கூட வந்தா அவ எங்கிட்டத்தான் பேசுவா. நீ தனியாப் போ."

நான் தனியாக மதுரைக்குப் போனதே இல்லை. அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் சோறும் டப்பாவில் கட்டிக்கொண்டேன். அவர் பஸ் ஏற்றிவிடும்போது, "ஆரப்பாளையத்துல எறங்கி டவுன் பஸ் மாறணும். தெரியலன்னா வாயத் தொறந்து கேளு" என்று மூன்று முறை சொன்னார். "கேக்கிறேன்" என்றேன்.

கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்பது? எல்லாரும் ஏறிய ஒரு பஸ்ஸில் நானும் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். போகும் இடத்தைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பஸ் காலியாகிவிட்டது.

"கடைசி ஸ்டாப்பு, எறங்குங்கம்மா" என்றார் கண்டக்டர்.

ஹாஸ்டல் இருக்கும் இடத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "அது அந்தக் கோடி. இது அவனியாபுரம். இம்புட்டு நேரம் உக்காந்திருக்கீங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

இறங்கினேன். நல்ல வெயில். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. என் முட்டாள்தனத்தை நினைத்து அழுகை வந்தது. "ஆண்டவரே, இதுகூட எனக்கு வரவில்லையே" என்று சொல்லிக்கொண்டே நிழல் தேடி நடந்தேன். ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் சாமியானா போட்டிருந்தார்கள். சீருடை போட்ட பெண் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வாங்க ஆன்ட்டி, பிரஷர் பாத்துட்டுப் போங்க. ஃப்ரீதான்." எனக்கு மறுக்கவும் தெரியாது. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நோட்டில் குனிந்தபடியே கேட்டாள், "பேரு?"

அந்தக் குரல். கையிலிருந்த டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பேரு சொல்லுங்கம்மா."

"பியூலாவோட அம்மா" என்றேன்.

நிமிர்ந்தாள். பேனா அப்படியே நின்றது. அவளுடைய கல்லூரி அன்று பயிற்சிக்காக மாணவிகளை அந்தத் தெருவுக்கு அனுப்பியிருந்தது. நான் சரியான பஸ்ஸில் ஏறி ஹாஸ்டலுக்குப் போயிருந்தால் பூட்டிய அறையைத்தான் பார்த்திருப்பேன்.

"யாருடி, ஒங்கம்மாவா?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"நீ அந்தத் தாத்தாவக் கவனி" என்றாள் இவள். பிறகு என்னைப் பார்க்காமல் என் கையை இழுத்து மேசைமேல் வைத்தாள். பட்டையைச் சுற்றினாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் விரல் என்மேல் பட்டது.

"என்னைய மன்னிச்சிரு தாயி" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "பேசக் கூடாதும்மா. பேசினா ஏறும்" என்று மறுபடியும் காற்றை அடித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். காற்று முழுவதும் இறங்கியது. காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, "இப்பச் சொல்லு, என்ன?" என்றாள்.

இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை சத்தம் என் கட்டுப்பாட்டில் இல்லை. "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒனக்கு வாக்குக் குடுத்துட்டு சபைக்கே சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான். என்னைய மன்னிச்சிரு."

பக்கத்து மேசைத் தாத்தா உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு வெட்கமாக இல்லை.

பியூலா கொஞ்ச நேரம் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "நூத்தி எழுபது இருக்கு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "கையில என்ன டப்பா?"

"கருவாட்டுத் தொக்கு."

"இந்தப் பிரஷர வச்சுக்கிட்டு கருவாடு!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் சாமியானாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளும் தோழிகளும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் தொக்குகூடத் தரவில்லை. வெறும் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தாள். தோழிகள் எழுந்து போனதும் மெதுவாகச் சொன்னாள், "அம்மா, எனக்கு இன்னும் ஜெபம் வரல."

"வரலன்னாப் பரவாயில்ல. நீ சாப்பிடு" என்றேன்.

அப்படிப் பேச எனக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று தெரியவில்லை. அதுவும் ஆண்டவரின் கிருபைதான்.

அந்த ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்தாள். கீபோர்டு பக்கம் போகவில்லை. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அது போதும். என்னை டாக்டரிடம் அழைத்துப் போனவளும் அவள்தான். ரொம்ப நாளாக ரத்தக்கொதிப்பு இருந்திருக்கும், இப்போதாவது தெரிந்ததே என்றார் அவர். முகத்தைக் காட்டும் என்றுதான் நான் கேட்டேன். கேட்காத உயிரையும் சேர்த்துக் கொடுத்தார் என் ஆண்டவர்.

அதன்பிறகு நானும் மாறினேன். என்னிடம் ஒருவர் சொல்வது என்னோடும் கர்த்தரோடும் நின்றுவிடும். என் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. முன்பெல்லாம் அவரைத் தேடி வந்த பெண்களில் சிலர் இப்போது நேராக என் அடுப்படிக்கு வருகிறார்கள்.

பியூலா இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் ஒரு பகல்வேளையில் போன் செய்தாள். "அம்மா, இங்க ஒரு பொண்ணு ஆப்பரேசனுக்குப் போறா. ரொம்பப் பயப்படுறா, என் கைய விட மாட்டேங்குறா. போனை அவ காதுக்கிட்ட வைக்கிறேன். நீ ஜெபம் பண்ணு."

நான் ஜெபித்தேன். எனக்குத் தெரிந்தபடி, நாலு வரி. முடித்ததும் அந்தப் பெண் "ஆமென்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குரலும், மிகவும் மெதுவாக, "ஆமென்" என்றது.

மகளுக்கு அது எப்போது திரும்பி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உங்களில் யார் வீட்டிலாவது பேசாமல் போன பிள்ளை இருந்தால், தாய்மாரே, நம்பிக்கை இழக்காதீர்கள். அந்தப் பிள்ளையை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்பு, உங்களை அதனிடம் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். அவர் கொண்டுபோவார். போய்ச் சேர்ந்ததும், சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.