கம்ப்ரஸருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் அரிவாள்மணை, தையல் மெஷின், என் சுருதிப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு சின்ன இரும்புப் பெட்டியையும் பூஜைக்கு வைப்பேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். நீல நிறம், ஓரங்களில் பெயின்ட் போய்விட்டது. மேலே மூன்று குமிழ்கள், கீழே காலால் மிதிக்க ஒரு பொத்தான், அதன் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. என் கணவர் தன் பேஸ் கிடாருக்கு வைத்திருந்த கம்ப்ரஸர் அது. அவர் அதை வாங்கி வந்த அன்று என் அம்மா, "பிரிட்ஜ் நல்லாத்தானே ஓடுது மாப்ள, அதுக்குள்ள எதுக்குப் புதுசு?" என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவர் அம்மாவை உட்காரவைத்து, கிடாரில் கம்ப்ரஸருக்கு என்ன வேலை என்று வெகுநேரம் பொறுமையாக விளக்கினார். அம்மா கடைசிவரை தலையாட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

மன்னார்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் பாடுவேன், அவர் பேஸ் கிடார். கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் என்னிடம் வந்து, "அருமையா பாடுனீங்க" என்பார்கள். அவரைப் பார்த்து, "அண்ணே, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகத்துறீங்களா, வண்டி எடுக்கணும்" என்பார்கள். பேஸ் வாசிக்கிறவருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். வயலில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. நின்றுபோனால்தான் குனிந்து வேலை செய்கிறவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். பேஸும் அப்படித்தான். ஆனால் எனக்கு அது முதல் சுரத்திலிருந்தே கேட்கும். நான் மேடையில் செருப்புப் போடுவதில்லை. அவருடைய ஸ்பீக்கர் பெட்டி மேடைப் பலகைமேல் இருக்கும். அவர் தடித்த கம்பியை மீட்டினால் அதிர்வு பலகை வழியாக என் பாதத்துக்கு வந்துவிடும். அதன்மேல் நின்றுகொண்டுதான் நான் சுருதி பிடிப்பேன். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் அவர் ஒரு கம்பியை மீட்டிவிட்டு என்னைப் பார்த்து, "காலுக்கு வருதா?" என்று கேட்பார். நான் தலையாட்டினால்தான் நிமிர்வார்.

திருவிழா மேடைகளில் சவுண்ட் சரிபார்க்க நேரம் தரமாட்டார்கள். மைக்செட் ஒருவருடையது, ஜெனரேட்டர் இன்னொருவருடையது, நாங்கள் மூன்றாவது ஆள். அப்படிப்பட்ட இடங்களில் பேஸில் ஒரு சுரம் குண்டு போட்டதுபோல் வெடிக்கும், அடுத்தது எங்கேயோ காணாமல் போய்விடும். கம்ப்ரஸர், ஓங்கி விழுந்த சுரத்தை அமுக்கும், மெலிந்ததைத் தூக்கிவிடும். கூட்டத்துக்கு எல்லாம் ஒரே மட்டத்தில் போய்ச் சேரும். அளவு மிஞ்சினால் வாசிப்பில் உயிர் இருக்காது, சும்மா இருக்கும்போது ஜெனரேட்டரின் இரைச்சலையும் அதுவே தூக்கிக் கொடுத்துவிடும். அவர் பல கச்சேரிகளில் திருகித் திருகிப் பார்த்து ஒரு நிலையைக் கண்டுபிடித்து, குமிழ்கள் நிற்கவேண்டிய இடத்தில் என் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார்.

சுபாவத்திலும் மனிதர் அப்படித்தான். அவருடைய அப்பா இறந்த செய்தியையும் எங்கள் மகள் பிறந்த செய்தியையும் ஒரே குரலில்தான் சொந்தக்காரர்களுக்குப் போனில் சொன்னார். "வீட்லயும் அந்தப் பெட்டிய மிதிச்சுக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்று நான் சீண்டுவேன். அதற்கும் ஏறாமல் இறங்காமல் ஒரு புன்னகை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழுவை நடத்திய மாஸ்டர் கீபோர்டு வாசிப்பவர். அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்க் குழுக்களில் பேஸ் கிடாரே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கீபோர்டுகாரரே இடது கையால் பேஸை வாசித்துவிடுவார், வேனில் ஓர் ஆள் குறையும். மாஸ்டரிடமும் பலர் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் என்னிடம், "ஒன் வீட்டுக்காரர் கை தராசு மாதிரிம்மா. அது ஒழுங்கா இருக்கிறவரைக்கும் என் இடது கைக்கு வேலை இல்ல" என்றார். அந்த ஒரு கிடாரைத் தவிர என் கணவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. ஆகவே அந்தக் கை ஒழுங்காக இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு வருடம் ஆயுத பூஜையின்போது அவர் பொரி, கடலை வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். நான் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸரில் பிசுபிசுவென்று அழுக்கு. நன்றாக அழுத்தித் தேய்த்தேன். ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளிகள், போன வருடத்துக் குங்குமம் என்று நினைத்து நான் தேய்த்த தேய்ப்பில் போய்விட்டன. குமிழ்களும் திரும்பிவிட்டன. பிறகு ஒவ்வொரு குமிழுக்கும் நேர் மேலே, வரிசை பிசகாமல், சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் விழா. குறுவை அறுத்த வயலில் மேடை. வழியில் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் நாங்கள் போய்ச் சேரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. அவசர அவசரமாக ஒயரைச் சொருகி, குமிழ்களைச் சிவப்புப் பொட்டுகளுக்கு நேரே திருப்பிவைத்துவிட்டு அவர் வாசிக்க ஆரம்பித்தார். அன்று "காலுக்கு வருதா?" என்று கேட்கக்கூட நேரமில்லை.

பல்லவியிலேயே என் கால் தடுமாறியது. ஒரு சுரம் பாதத்தில் இடித்தது, அடுத்தது வரவே இல்லை. சரணம் எடுக்கும்போது நான் சுருதி விலகினேன். மாஸ்டர் திரும்பி, "என்னப்பா, பேஸ் எங்க போச்சு?" என்றார். இவர் குனிந்து குமிழைத் திருகப் பார்த்தார். விரல்கள் அதன்மேல் வழுக்கின. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. வியர்வை என்று நினைத்தேன். ஆனால் குமிழைத் தொட்டுவிட்டோமா இல்லையா என்று அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இடையிசை வந்தது. நான் மைக்கை ஸ்டாண்டில் சொருகிவிட்டு, பட்டுப்புடவையோடு அவர் காலடியில் போய்க் குந்தினேன். அவர் எழுந்து வாசித்தார். ஒரு குமிழைத் திருப்பி, "இவ்ளோ போதுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியல. எனக்குக் கால்ல ஒண்ணும் வரல. ஒனக்கு வருதான்னு பாரு."

அதையும் அதே குரலில்தான் சொன்னார். இத்தனை காலமும் "காலுக்கு வருதா?" என்று அவர் கேட்டது என் வசதிக்காக என்று நினைத்திருந்தேன். எப்போதிருந்து அது அவருடைய வசதிக்காக ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒயர் கோளாறு என்று நினைத்து மாஸ்டர் இடையிசையை இன்னொரு சுற்று ஓட்டினார். நான் பாதங்களைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டு குமிழ்களைத் திருப்பினேன். இடித்தது அடங்கியது. வராதது வந்தது. எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றதும் எழுந்துபோய்ச் சரணத்தை எடுத்தேன்.

மறுநாள் காலைதான் வாயைத் திறந்தார். சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது என்று தஞ்சாவூர் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். முதலில் பாதம் மரத்தது, பிறகு விரல் நுனிகள். கம்பியை எவ்வளவு அழுத்தமாக மீட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. கை தவறத் தவற கம்ப்ரஸரை இன்னும் கொஞ்சம் கூட்டி, புள்ளியைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். என் நெயில் பாலிஷ் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ பாடும்போது என் கையையே பாத்துக்கிட்டு நிப்ப. பாட்டு கெட்டுடும்" என்றார்.

அதன்பிறகு எல்லா மேடையிலும் கம்ப்ரஸரை நான்தான் சரிசெய்து வைத்தேன். முதலில் போய் அதன் பக்கத்தில் நின்று, அவர் மீட்ட மீட்ட என் பாதத்தால் கேட்டுத் திருப்புவேன். விஷயம் தெரியாமல், பொண்டாட்டிக்குப் புருஷன்மேல் என்ன கரிசனம் என்று குழுவில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அந்தத் திருட்டுத்தனத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் பெட்டியால் மெலிந்ததைத் தூக்க முடியும், இல்லாததைத் தூக்க முடியாது. மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாலைக் கச்சேரி. கடைசிப் பாட்டை நான் எடுக்கப் போகும்போது அவர் குனிந்து பார்த்து, குறி வைத்து, காலால் பொத்தானை மிதித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது; இனி அமுக்கவோ தூக்கிவிடவோ கம்ப்ரஸர் இல்லை. தவறி மிதித்துவிட்டார் என்று நினைத்துப் பதறினேன். அவர் என்னைப் பார்த்து, "பாடு" என்றார்.

பாடினேன். சில சுரங்கள் கனமாக வந்தன, சில வரவில்லை. வராத இடங்களில் அது இருக்கவேண்டிய இடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஓர் இடத்தில் அவர் கை திணறியது எனக்குப் பாதத்தில் தெரிந்தது. அவருக்குள் இருந்த எதுவும் அதற்குமுன் அப்படி நேராக என்னிடம் வந்ததில்லை. கூட்டம் எப்போதும்போல் கைதட்டிவிட்டு ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கப் போய்விட்டது.

ஒயரைச் சுற்றிக்கொண்டே அவர், "மாஸ்டர், இனிமே ஒங்க இடது கையே வாசிக்கட்டும்" என்றார்.

மாஸ்டர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு, "பெட்டி மக்கர் பண்ணுதாப்பா?" என்றார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். கைதான்."

வீட்டுக்கு வந்து, "ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டேன். "கடைசிப் பாட்டுல்ல. ஒனக்கு மட்டுமாவது என் கையிலேர்ந்து நேரா வரட்டும்னு தோணுச்சு" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. நான் பார்த்து அவர் குரல் உடைந்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வருவதற்குமுன் மாரடைப்பில் போய்விட்டார்.

நான் இப்போதும் அதே குழுவில் பாடுகிறேன். மாஸ்டரின் இடது கை பேஸை வாசிக்கிறது. அது முன்னால் வைத்த ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு நன்றாகவே வருகிறது, பாதத்துக்கு வருவதில்லை. பழைய கச்சேரிகளைப் போனில் எடுத்தவர்கள் அவ்வப்போது அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் அவருடைய வாசிப்பு ஏற்ற இறக்கமில்லாமல் அழகாக இருக்கிறது. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்குப் பெட்டியை எடுத்தேன். நான் குங்குமம் வைத்துக்கொண்டால் முகம் சுளிக்கிறவர்கள், பெட்டிக்கு வைத்தால் ஒன்றும் சொல்வதில்லை. குமிழ்களைத் தொடாமல் தூசியை மட்டும் துடைத்தேன். மேலே பொட்டு வைக்கவில்லை. அன்று அவர் பாதம் பட்ட அந்தப் பொத்தானின்மேல் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன்.